அது என்றால் அதுதான்

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் கல்முனைக்கு அங்காலும் இங்காலும் உள்ள எல்லா ஊர்க்காரர்களும் "எங்கட ஆஸ்பத்திரியத்தான் எழுதியிரிக்கி" என்று வருவார்கள். வரட்டும், கதிரை போட்டு இருத்தலாம்.

அந்த ஆஸ்பத்திரியின் வைத்திய அத்தியட்சகர் டொக்டர் முஸ்தாக், இரகசியத்தின் மேல் அளவு கடந்த பிரியம் வைத்திருந்தார். எந்த இரகசியத்தையும் அவர் தனியாக அனுபவித்ததில்லை. ஒரு குழு அமைத்து, கூட்டம் கூட்டி, பட்டீஸும் பிளேன்டியும் கொடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் அதைக் காப்பாற்றுவார்.

இந்தக் காப்பாற்றலில் அகப்பட்டவன் ஸிராஜ். மருதமுனைக்காரன், தாதி உத்தியோகத்தன். சத்திரசிகிச்சை வாட்டில் நிம்மதியாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவனை எச்.ஐ.வி. கிளினிக்குக்கு மாற்றினார்கள். அந்தக் கிளினிக், சலவை அறைக்கும் பிரேத அறைக்கும் இடையில், யாரும் தற்செயலாகக் கூடப் போய்விட முடியாத இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து அவனோடு சோற்றுப் பார்சலைப் பங்கு போட்டுத் தின்ற கூட்டாளிகளுக்கெல்லாம் திடீரென்று வயிற்றில் புளிப்பு வந்துவிட்டது. கென்டீன் ஜவுபர் அவனுக்கென்று ஒரு கிளாஸை ஒதுக்கி, அடியில் சிவப்புப் பெயின்ட் பூசி வைத்தார்.

"நோய் எனக்கில்ல ஜவுபர் நானா. நான் மருந்து குடுக்கிற ஆள்" என்றான் ஸிராஜ்.

"தெரியும் தம்பி. நீங்க படிச்ச ஆள், உங்களுக்கு வராது. என்ட கிளாஸு படிக்கல்லயே" என்றார் ஜவுபர். கொஞ்சமும் கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் ஸிராஜுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் அவனை ஓரிடத்தில் இருக்கவிடாமல் செய்தது கிளாஸ் அல்ல, ஸுஹைறா.

ஸுஹைறா சம்மாந்துறைக்காரி. வயிற்றில் ஏழு மாதம். கட்டாரிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மாப்பிள்ளை அஸ்கி இப்போது ஊரில் நெல்லு மில்லில் வேலை செய்கிறான். இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. இரண்டு பேரும் தவறாமல் குளிசை போட்டார்கள். கரையோரத்தில் தங்களை யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். வியாழக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து வரும் கிளினிக் டொக்டர் கஜேந்தினி, அவளுடைய கடைசி இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டாத குறையாகச் சொன்னார்.

"கிருமி கண்டுபிடிக்க ஏலாத அளவுக்குக் குறைஞ்சிட்டுது. குளிசைய விடாமப் போட்டு, பிள்ளைய ஆஸ்பத்திரியில பெத்தாப் போதும். பிறந்த உடனே பிள்ளைக்குப் பாணி மருந்து குடுப்பம். பிள்ளை தப்பும்."

ஆகக் கூடி ஸிராஜ் பார்க்கவேண்டியது இவ்வளவுதான்: அவள் வருவதை நிறுத்தக்கூடாது, பிரசவ அறைக்காரர் அவளைத் துரத்தக்கூடாது. சொன்னால் ஒரு வசனம். ஆனால் இடையில் இரகசியம் பேணல் குழு இருந்தது.

குழுவில் ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். அம்புலன்ஸ் சாரதி, சமையலறைப் பொறுப்பாளர், புல்லு வெட்டுகிறவர் உட்பட. இரகசியம் எந்தப் பிரிவுக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதில் அத்தியட்சகர் கண்டிப்பாக இருந்தார். முதற் கூட்டத்துக்கு எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு வந்து, கையுறையோடேயே வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டீஸ் தின்றார்கள். கிளினிக்குக்கு வந்த கையுறைப் பெட்டிகள் அத்தோடு முடிந்தன.

"நோயாளிகளின் பெயர் வெளியில் போகவே கூடாது" என்று டொக்டர் முஸ்தாக் மேசையில் தட்டினார். "ஆகவே முதல் வேலையாக எல்லாப் பெயர்களையும் இங்கே வாசிப்போம். எதை மறைக்கவேண்டும் என்று தெரியாமல் நாங்கள் எதை மறைப்பது?"

டொக்டர் கஜேந்தினி, நோயாளிக் கோப்புகளைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பை மட்டக்களப்பில் மறந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் அவர் அந்தத் திறப்பை மறந்துவிட்டுத்தான் வந்தார்.

பெயர்கள் கிடைக்காத குழு நோயின் பெயரைப் பிடித்துக்கொண்டது. இனி இந்த வளவுக்குள் அந்த நோயின் பெயரை எவரும் உச்சரிக்கக் கூடாது, "அது" என்றே சொல்லவேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. "அது" என்ற சொல் இப்போது நோயைக் குறிப்பதால், வேறு எந்தப் பொருளையும் விலங்கையும் நிலைமையையும் "அது" என்று சொல்வது தடை.

தமிழ் பேசுகிற ஆஸ்பத்திரியில் இந்தச் சட்டம் என்ன பாடு படுத்தும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை. ஒட்சிசன் சிலிண்டர் வந்த அன்றைக்கு, "சேர், அது வந்திட்டு, எங்க வைக்க?" என்று காவலாளி கத்தினார். வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்றவர்கள் கலைந்து ஓடினார்கள். சிறுநீரகக் கல்லோடு வந்த, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஒரு வட்டவிதானையிடம் பயிற்சி டொக்டர், "அது தானாப் போயிடும், தண்ணி குடியுங்க" என்றார். வட்டவிதானை அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். தெளிந்ததும், கலியாணத்திலிருந்து கடனாக நின்ற மஹர் காசைச் சாகுமுன் மனைவியிடம் ஒப்படைக்கவேண்டும் என்று அழுதார். ஊருக்குள்ளும் சட்டம் பரவியது. மீன் சந்தையில் யாரும் விரலை நீட்டி "அது என்ன விலை?" என்று கேட்பதில்லை. பாரையைப் பாரை என்றும் சூரையைச் சூரை என்றும் பெயர் சொல்லித்தான் கேட்டார்கள்.

அடுத்ததாகக் குடை வந்தது.

கிளினிக்குக்கு வருகிறவர்களின் முகம் தெரியாமலிருக்க, வாசலிலேயே ஆளுக்கொரு பெரிய கறுப்புக் குடை கொடுப்பதென்று குழு தீர்மானித்தது. குடையைச் சுற்றி வெள்ளை எழுத்தில் "இரகசியம் பேணப்படுகிறது" என்று அச்சிட்டிருந்தார்கள். வாசலிலிருந்து கிளினிக் வரைக்கும் நிலத்தில் மஞ்சள் அம்புக்குறிகள் போடப்பட்டன. அதற்கு "இரகசியப் பாதை" என்று பெயரும் வைத்து, நாடா வெட்டித் திறந்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள் பாதையை முழுவதுமாக நடந்து பார்த்துப் பாராட்டினார்கள்.

"அதுக்கு வந்த ஆக்கள் குடைய எடுங்க! அதுக்கு வந்த ஆக்கள் மட்டும்!" என்று காவலாளி ஒவ்வொரு வியாழனும் கூப்பிட்டார்.

வெயில் காலத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு மாரி பிறந்ததும் ஊரையே பிடித்தது. கறுப்புக் குடை பிடித்தவர்களைச் சனம் திரும்பிப் பார்த்தது. மழை கொட்டக் கொட்ட ஆம்பிளைகள் வெறும் தலையோடு நனைந்துகொண்டு போனார்கள். வயதான ஹாஜியார் ஒருவர் பேத்தியின் ரோசாப்பூப் போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தார். கல்முனைக் கடைகளில் கறுப்புக் குடைகள் தூசு பிடித்துத் தொங்கின.

ஸுஹைறா குடையை ஒரே ஒரு தரம்தான் பிடித்தாள். கிளினிக்குக்குள் வந்ததும் அதைச் சுவரோடு சாத்திவிட்டு ஸிராஜைப் பார்த்தாள்.

"நானா, நான் முந்தி வரக்குள்ள என்னை ஒருத்தரும் பாக்கல்ல. இண்டைக்குக் கென்டீன்ல தேத்தண்ணி குடிச்சவனெல்லாம் எழும்பி நிண்டு பாத்தான். இனி நான் வரமாட்டன்."

"குளிசை?"

"அஸ்கி வந்து எடுப்பாரு."

"புள்ளப்பேறு?"

"உம்மா மருத்துவிச்சியோட கதைச்சிட்டாங்க. ஊட்டிலயே பெத்துக்கிறன்."

அவளுடைய உம்மாவுக்கு நோய் விஷயமே தெரியாது. மருத்துவிச்சிக்கும் தெரியாது. பாணி மருந்து இங்கே குளிர்ப்பெட்டிக்குள் இருக்கும், பிள்ளை அங்கே சம்மாந்துறையில் பிறக்கும். ஸிராஜுக்கு ஆத்திரமாக வந்தது. நோயின் மேலே அல்ல, குடையின் மேலே.

மறுநாள் பிரசவ அறைக்குப் போய்ப் பொறுப்புத் தாதி பஸ்மிலா சிஸ்டரிடம் கேட்டான்.

"ஓ, வரட்டுமே. நான் வேணாமெண்டா சொன்னன்?" என்றார் சிஸ்டர். "ஆனா அதுக்குத் தனிக் கட்டில் வேணும். தனிப் பாத்ரூம் வேணும். கட்டிலுக்கு மேல மஞ்சள் போர்ட் வேணும். கிளவுஸ் வேணும். குழுவில இருந்து அனுமதி வேணும். எல்லாத்தையும் கொண்டு வாங்க தம்பி, மறுகா புள்ளையக் கூட்டிட்டு வாங்க."

"போர்ட் என்னத்துக்கு சிஸ்டர்?"

"அவ ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதில்லையா? அதுக்குத்தான். போர்ட்டப் பாத்தா ஒருத்தரும் கிட்டப் போகமாட்டாங்க."

ஸிராஜ் திரும்பி வந்து, வீட்டில் கிடந்த மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைப் பைக்கின் பின்னால் கட்டினான். அந்த மாதம் முழுக்க லீவு நாட்களில் அவன் சம்மாந்துறையில் சாரன் வியாபாரி. ஸுஹைறாவின் வீட்டு வாசலில் மூட்டையை அவிழ்ப்பான். உம்மா ஒவ்வொரு சாரனையும் வெளிச்சத்தில் பிடித்து, நூலை இழுத்துப் பார்த்து, "சாயம் போகும் போல" என்று பேரம் பேசுவார். அதற்கிடையில் ஸுஹைறாவின் காதோடு அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லுவான்.

"குடைய நான் பாத்துக்கிறன் தங்கச்சி. போர்ட்டையும் பாத்துக்கிறன். நோவு வந்தா நேரே என்ட அறைக்கு வா. வேற எங்கயும் போகாத."

அவள் சாரன்களை ஒவ்வொன்றாக மடித்து மூட்டையில் வைத்தாள். உம்மா கடைசியில் ஒரு சாரனும் வாங்கவில்லை.

இப்படியிருக்க டிசம்பர் முதலாந் திகதி வந்தது. உலகம் முழுக்க எயிட்ஸ் தினம். அந்த ஆஸ்பத்திரியில் சட்டப்படி "உலக அது தினம்". வாசலில் அப்படித்தான் பெனர் கட்டினார்கள். மழைக்குத் தகரக் கொட்டகை, நாலு திசைக்கும் ஒலிபெருக்கி. பேச்சை எழுதி வாசித்தால் உணர்ச்சி வராது என்று டொக்டர் முஸ்தாக் வெறுங்கையோடு மேடையேறினார்.

"இந்த நோயாளிகளைக் காப்பாற்றுவதற்கு மருந்து போதாது. அதற்கு வேண்டியது அர்ப்பணிப்பு!" என்றார் அவர். அந்தக் கடைசிச் சொல்லில் மைக் கீச்சிட்டது. அது ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் விடாமல் பேசிக்கொண்டு போனார்.

"அது என்னிடம் இருக்கிறது! இன்று நேற்றல்ல, மருத்துவக் கல்லூரியில் படிக்கிற காலத்திலிருந்தே அது என்னிடம் இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. என் மனைவியிடமும் அது இருக்கிறது. என்னிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று சொல்வதில் பெருமைப்படுகிறேன். இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெறுவேன்!"

ஒரு கை கூடத் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரைகளைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்தார்கள். தன் பேச்சு நெஞ்சைத் தொட்டுவிட்டது என்று அத்தியட்சகர் நினைத்துக் கண்ணைத் துடைத்தார்.

அன்று பின்னேரமே சலூன்காரர் அவருக்குச் சேவ் எடுக்கமுடியாது என்றார், கத்தி மழுங்கிவிட்டதாம். ஸலாம் சொன்னவர்கள் கையைக் கொடுக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய கதிரையைக் குளோரின் ஊற்றிக் கழுவியதில் வார்னிஷ் போனது. ஜவுபர் தேத்தண்ணியைக் கதவடியில் வைத்துவிட்டு ஓடினார். அத்தியட்சகர் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார், அடியில் சிவப்புப் பெயின்ட். இரகசியம் பேணல் குழு தலைவரில்லாமல் கூடியது. அவருடைய தியாகத்தை மெச்சி அவருக்கு ஒரு கறுப்புக் குடை வழங்குவதென்று ஏகமனதாக முடிவெடுத்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் அம்புக்குறிகளின் வழியே கிளினிக்குக்கு வந்தார். டொக்டர் கஜேந்தினி இரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை என்று வந்தது.

"அப்படியென்றால் எழுத்தில் தாருங்கள். ஒலிபெருக்கியில் அறிவியுங்கள்!" என்றார் அத்தியட்சகர்.

"ஏலா சேர்" என்றான் ஸிராஜ். "சோதனை முடிவு வெளியில போகக் கூடாது. உண்டெண்டாலும், இல்லயெண்டாலும். நீங்க கையெழுத்து வச்ச சுற்றுநிருபம்தான்."

"எனக்கு இல்லை என்று தெரியாவிட்டால் ஊர் என்ன நினைக்கும்?"

"ஊர் எங்கள எல்லாம் என்ன நினைக்கிதோ, அப்படித்தான்" என்றான் ஸிராஜ். ஸிராஜ் முறைத்துக்கொண்டு சொன்ன ஒரே வார்த்தை அதுதான். பிறகு பாவமாக இருந்தது, ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான். சாதாரணக் கோப்பை. அத்தியட்சகர் அதைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுக் குடித்தார். அடுத்த வியாழனும் வந்தார், தேத்தண்ணிக்கு.

அந்த வியாழன் மழை விடவேயில்லை. ஸிராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை, வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். ஸுஹைறாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வாசலோரத்து மர வாங்கில் அத்தியட்சகர் மடியில் குடையோடும் கையில் கோப்பையோடும் குந்தியிருந்தார்.

ஓர் ஆட்டோ நேரே மஞ்சள் அம்புகளின் மேலேயே ஓடிவந்து நின்றது. அஸ்கி கைத்தாங்கலாக ஸுஹைறாவை இறக்கினான். குடை இல்லை, நனைந்து தெப்பமாக இருந்தாள்.

"உம்மா மருத்துவிச்சியக் கூப்பிடப் போனா. நாங்க வந்திட்டம் நானா" என்றான் அஸ்கி.

ஸிராஜ் தள்ளுவண்டி தேடி ஓடினான். டொக்டர் கஜேந்தினி பாணி மருந்தை எடுக்க உள்ளே போனார். ஸுஹைறா வாங்கின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பக்கத்தில் குடையோடு இருந்தவரைப் பார்த்தாள். அவரைப் பற்றிய செய்தி சம்மாந்துறைக்கும் போயிருந்தது.

"சேர்தானே? பயப்படாதீங்க சேர்" என்றாள். "முதல் மாசம்தான் பயம். ராவைக்குக் குளிசைய மறக்காமப் போடுங்க. நாங்களும் போடுறம். பாருங்க, நல்லாத்தான் இரிக்கம்."

"எனக்கு அது இல்லை" என்றார் அத்தியட்சகர்.

"ஓம் சேர். முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவம்."

டொக்டர் முஸ்தாக் கோப்பையைக் கீழே வைத்தார். பத்து மாதச் சுமையோடு, நோவுக்கு நடுவில், ஒருத்தி தனக்கு ஆறுதல் சொல்கிறாள். அவர் குடையை வாங்கில் வைத்துவிட்டு எழும்பினார். ஸிராஜ் கொண்டுவந்த வண்டியின் மறுபக்கத்தைத் தானே பிடித்தார்.

பிரசவ அறைக்குப் போகும் நடைபாதையில் வழக்கமாக ஒரு வண்டி போவதென்றால் கால் மணித்தியாலம் கத்தவேண்டும். அன்று அத்தியட்சகரைக் கண்ட மாத்திரத்தில் சனம் சுவரோடு ஒட்டியது. சிற்றூழியர்கள் வாட்டுகளுக்குள் பாய்ந்தார்கள். வண்டி தங்குதடையில்லாமல் பிரசவ அறை வாசலுக்குப் போனது.

பஸ்மிலா சிஸ்டர் வெளியே வந்து பார்த்தார். ஒரு கர்ப்பிணி. அவள் வண்டியைப் பிடித்திருப்பவர் அத்தியட்சகர்.

"சேர், கைய எடுங்க!" என்று பாய்ந்து வந்து அவர் வண்டியைப் பறித்தார். "பச்சப் புள்ளத்தாச்சி! அதுக்கு ஏதும் தொத்திச்செண்டா ஆரு பதில் சொல்ற? வா கிளி, நீ உள்ளுக்கு வா. பயப்படாத, நான் இரிக்கன்."

கதவு அத்தியட்சகரின் முகத்துக்கு நேரே அடித்துச் சாத்தப்பட்டது.

உள்ளே சிஸ்டர் ஸுஹைறாவின் தலையைத் துவட்டினார். முதுகைத் தடவினார். கையைப் பிடித்துக்கொண்டார். ஸிராஜ் அவர் காதருகே குனிந்தான்.

"சிஸ்டர், நான் சொன்ன புள்ள இவதான்."

சிஸ்டர் தன் கையைப் பார்த்தார். அதை ஸுஹைறாவின் விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. பிள்ளையின் தலை தெரிந்துவிட்டது.

"இவவா?" என்றார் சிஸ்டர். "சும்மா புள்ளயள் மாதிரித்தானே இரிக்கா." பிறகு, "கிளவுஸ் எங்க தம்பி? என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, எடுங்க!" என்று அவன் மேல் பாய்ந்தார். இல்லையென்று சிஸ்டர் ஒளித்து வைத்திருந்த பெட்டி அலுமாரியிலிருந்து வந்தது. பிறந்தது பெண் பிள்ளை. அழுகை நடைபாதை முழுக்கக் கேட்டது. டொக்டர் கஜேந்தினி பாணி மருந்தின் முதல் துளியை அந்த வாயில் விட்டார்.

இதன் பிறகு ஆஸ்பத்திரி திருந்திவிட்டது என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். குழு மறுபடியும் கூடியது. நடந்த குழப்பங்களை நீண்ட நேரம் ஆராய்ந்தது. "அது" என்ற சொல் கெட்டுவிட்டதால் இனிமேல் "இது" என்று சொல்லவேண்டும் என்று புதிய சுற்றுநிருபம் வந்தது.

அது வந்த அன்றைக்குத்தான் பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. ஸுஹைறா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த புதுச் சட்டத்தை வாசித்தாள்.

"நானா, இவளுக்கு இது இரிக்கா?"

ஸிராஜ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். நாதாங்கியைப் போட்டான். குடையும் அம்பும் குழுவும் செய்யாத வேலையை அந்தப் பழைய கதவு செய்தது. பிறகு அவளுக்கு முன்னால் வந்து நின்று, அந்த வளவுக்குள் பல மாதமாக ஒருவரும் சொல்லாத பெயரை மெதுவாகச் சொன்னான்.

"எச்.ஐ.வி. இல்ல தங்கச்சி. உங்கட மகளுக்கு எச்.ஐ.வி. இல்ல. இன்னும் ரெண்டொருக்காப் பாக்க வேணும். ஆனா இல்ல."

அவள் அப்படியே குந்திவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க நானா" என்றாள். "பேரச் சொல்லியே சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் எழும்பிக் கண்ணைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.